கையுறைக்குள் அந்தோனியார்

கொட்டாஞ்சேனையில் மத்தியானச் சோறு வயிற்றில் இறங்கியபிறகு தெருவே கண் சொருகிக் கிடக்கும். முச்சக்கரவண்டிக்காரர்கள் பின்சீற்றில் படுத்துக் காலை வெளியே தொங்கப்போட்டிருப்பார்கள். காகம்கூடக் கத்துவதற்கு முன் ஒருதரம் யோசிக்கும். துறைமுகத்திலிருந்து எப்போதாவது ஒரு கப்பல் ஊதும். யாரோ பெரிய மனிதர் கொட்டாவி விட்டது போல அந்தச் சத்தம் கூரைகளின் மேலாக மெல்ல வந்து, மேபலின் தையல் மெஷினுக்குக் கிட்ட வந்ததும் அடங்கிப்போகும்.

மேபல் மட்டும் அந்த நேரத்தில் தூங்குவதில்லை. இது அவளுடைய சொந்த அபிப்பிராயம். கால் பெடலை மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண் மூடியிருக்கும். மட்டக்குளிப் பக்கத்துக் கார்மென்ட் ஃபெக்டரி ஒன்றில் இளமையைக் கழித்தவள். கண்ணை மூடிக்கொண்டு நேராகத் தைப்பது அங்கே வேலை செய்த எல்லாப் பெண்களுக்கும் வரும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவது சூப்பர்வைசர்களுக்கு வரும்.

அந்தக் கிழமை மெஷினுக்குப் பக்கத்தில் ஹார்பர் ஸ்டார்ஸ் கிளப்பின் நீல ஜேர்சிகள் குவிந்து கிடந்தன. புறக்கோட்டை வியாபாரி எல்லாவற்றையும் ஒரே சைஸில் அனுப்பிவிட்டான். அந்த சைஸுக்கு உரிய மனிதன் கிளப்பில் இல்லை. இலங்கையில் இருக்கிறானா என்பதே சந்தேகம். மேபல் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, முதுகில் நம்பர் வைத்து, அலசி, மேல்தட்டில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். கடற்காற்றில் அவை ஆள் இல்லாமலே ஓடி விளையாடின. ஆள் உள்ளே இருக்கும் நேரத்தைவிட இப்போதுதான் நன்றாக விளையாடுகின்றன என்று அவளுடைய புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் சொன்னார்.

ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்தில் கிறேன் ஓட்டுபவர். நாள் முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து கீழே பார்ப்பதால் அவருக்கு மனிதர்கள் எல்லோரும் சின்னதாகத்தான் தெரிவார்கள். தரைக்கு இறங்கி வந்த பிறகும் அந்தப் பார்வை சுலபத்தில் போகாது.

விசயம் இதுதான். லீக் தொடங்குவதற்கு முன்னால் கிளப்புகள் எல்லாம் ஒரு நொக்கவுட் கிண்ணத்துக்கு விளையாடும். தோற்றவன் அன்றைக்கே வெளியே. லீக் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. மழை என்பார்கள், கிரவுண்ட் இல்லை என்பார்கள், கூட்டம் நடக்கிறது என்பார்கள். ஆனால் லீக்குக்கு முந்திய கிண்ணம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். கலியாணம் நிச்சயமாகாத வீட்டில் பலகாரம் சுட்டு வைத்த மாதிரி.

மேபலின் மகன் அனுஜன் ஹார்பர் ஸ்டார்ஸில் மாற்றுக் கோல்கீப்பர். நாலு வருஷமாக பெஞ்சில் இருந்து தண்ணீர்ப் போத்தல்களை ஆழமாக அறிந்துகொண்டவன். பெரிய கீப்பர் வேறு கிளப்புக்குப் போய்விட்டதால் இந்தக் கிண்ணத்தில் முதல்முறையாக முதலாம் நம்பர் அவனுக்கு. மனேஜர் றொஹான் தெளிவாகச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை நீர்கொழும்பு டீமை வென்றால் சீசன் முழுக்க அனுஜன்தான் கீப்பர், கொன்ட்றாக்ட் உண்டு. தோற்றால் வெளிநாட்டுக் கீப்பர் ஒருவரை இறக்குவார்கள்.

அதே கிழமையில் டோஹாவிலிருந்து ஸ்ரனிஸ்லாஸின் ஒன்றுவிட்ட தம்பி போன் பண்ணினான். விமானநிலையத்தில் கார்கோ செக்சனில் அனுஜனுக்கு ஓர் இடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

பாணும் பருப்பும் பொரித்த மீனுமாக இருந்த ஓர் இரவுச் சாப்பாட்டில் விசயம் மேசைக்கு வந்தது.

"போகட்டும்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். இஞ்ச வாற எல்லாப் பெட்டியும் எங்கயோ போறதுக்குத்தான் வருகுது."

"என்ட பிள்ளை பெட்டியா?" என்றாள் மேபல்.

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"அப்பிடித்தான் சொன்னீங்க. கிறேன்ல கொளுவித் தூக்கிக் கப்பல்ல வையுங்கவன்."

"மேபல், அவனுக்கு வயசு போகுது. பந்து விளையாடி எத்தினை பேர் வீடு கட்டினவங்கள்?"

"டோஹாவுக்குப் போன எத்தினை பேர் அம்மாவைப் பாக்க வந்தவங்கள்? உங்கட தம்பி வந்தவனா? அவன்ட அம்மாட செத்த வீட்டுக்கே வீடியோ கோல்ல வந்து நிண்டவன். அதுவும் இடையில கட்டாகிப் போச்சு."

அவள் அழுதாள். ஸ்ரனிஸ்லாஸ் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினார். பாரம் இறக்கும்போது வருகிற அதே நிதானம்.

"சரி, நான் ஒண்டு சொல்லுறன்," என்றார் கடைசியில். "சனிக்கிழமை வெண்டா இருக்கட்டும். தோத்தா டோஹா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அழக்கூடாது."

"ஓம். அப்பிடியே," என்றாள் மேபல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இரண்டு பேரும் ஒப்பந்தம் செய்து முடித்தார்கள். அனுஜன் பாணைக் கிழித்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே துறைமுக வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து மற்றப் பாதியில் இருக்கும்போது கோலில் அவன் நிற்பதும் இப்படித்தான்.

சனிக்கிழமைக்கு முதல் நாள் பின்னேரம் மேபல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனாள். அந்தோனியாருக்கு உகந்தது செவ்வாய். ஆனால் மெட்ச் செவ்வாய்வரை காத்திருக்காது என்பதை அவர் விளங்கிக்கொள்வார் என்று நம்பினாள். மெழுகுதிரி கொளுத்தினாள். வாசல் கடையில் அந்தோனியார் மெடல் ஒன்று வாங்கி மந்திரித்து எடுத்து வந்தாள். கழுத்தில் போட்டால் றெஃபரி கழற்றச் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அனுஜனின் வலது கையுறையை எடுத்து மெஷினடியில் இருந்தாள்.

முதலாம் நம்பர் ஜேர்சியும் மூன்றாம் வீட்டு ஷபீகாவும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். ஜேர்சி கயிற்றிலிருந்து காற்றோடு, ஷபீகா கதவால். ஷபீகாவின் மகன் நபீஸ் அதே கிளப்பில் ஃபோர்வர்ட்.

"என்ன மேபல் அக்கா, கிளவுஸ அறுத்துப் போட்டீக்கிறீங்க?"

"அறுக்கேல்ல. உள்ளுக்க ஆள் ஏத்திறன்."

ஷபீகா குனிந்து மெடலைப் பார்த்தாள். "உள்ளங்கையில வெக்கப் போறீங்களா?"

"சீ, பந்து வழுக்கும். மேல் பக்கத்தில, விரல் மொளியில. குத்துறதுக்கும் பலமா இருக்கும்."

தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு சொன்னாள். ஃபெக்டரியில் இருந்த காலத்திலேயே எந்தத் தையல் எந்த இடத்தில் இழுபடும் என்று கணக்குப் பார்த்தவள் அவள். ஸ்பொஞ்சுக்கும் லைனிங்குக்கும் இடையில் மெடலைச் செருகி, ஸ்ரனிஸ்லாஸ் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த தார்ப்பாய் நைலோன் நூலால் சுற்றிவரக் கைத்தையல் போட்டாள். புயலில் கப்பல் கவிழ்ந்தாலும் அந்த நூல் அறாது.

"நம்மட புள்ளக்கும் ஏதாச்சும் செய்யுங்களே," என்றாள் ஷபீகா. "அவன் போன மெட்ச்ல கோலுக்கு நேரா நிண்டு வானத்துக்கு அடிச்சான். பக்கத்து வீட்டு ஓட்டுக்குக் காசு நான் குடுத்தன்."

"மெடல் வைக்கட்டா?"

"அது வேணா. பள்ளி லெப்பைட்ட ஓதின நூல் ஒண்டு ஈக்கி. அத அவன்ட ஷோர்ட்ஸ் இடுப்புப் பட்டிக்குள்ள வெச்சித் தைங்க. அவனுக்குச் செல்ல வேணா, வெக்கப்படுவான்."

"நானும் என்ட மகனுக்குச் சொல்லேல்ல."

மெஷின் மறுபடி ஓடியது. ஷபீகா கொண்டுவந்த மீன் பற்றிஸை இருவரும் தின்றார்கள். வெளியே வெயில் மஞ்சளாகிக் கீழே இறங்க, நீல ஜேர்சிகளின் நிழல்கள் அறைக்குள் வந்து சுவரில் நீந்தின. மேபலுக்குக் கண் சொருகியது. அனுஜன் ஒரு பந்துக்காகப் பாய்வதைக் கண்டாள். பாய்ந்தவன் கீழே வரவேயில்லை. கிடையாக, காற்றில், கை நீட்டியபடி, மெல்ல மெல்ல மாதா கோயில் கூரைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தான். அவள் பயப்படவில்லை. கீழே நின்று, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் பெடலில் இருந்து கால் நழுவி விழித்துக்கொண்டாள்.

மைதானம் மட்டக்குளியில், ஆறு கடலோடு கலக்கும் பக்கம். அங்கே மழை பெய்கிறதா இல்லையா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. கடலிலிருந்து ஒரு வெண்மையான ஈரம் எழுந்து வந்து ஆட்களின் தோளில் உட்காரும். அன்றைக்கும் உட்கார்ந்தது. மறுபக்கத்துக் கோல் போஸ்ட் சில நேரம் இருந்தது, சில நேரம் இல்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் விளையாடுபவர்களின் சொந்தக்காரர். மீதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மேபலும் ஷபீகாவும் ஒரே குடைக்குள் சிமெந்துப் படியில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நீலமும் மஞ்சளுமாகப் பையன்கள் அங்குமிங்கும் மிதந்தார்கள். பந்து சேற்றில் விழுந்தால் சத்தம் சற்றுப் பிந்தித்தான் வந்தது.

"அக்கா, நம்மட பக்கம் எது?" என்று கேட்டாள் ஷபீகா.

"நீலம்."

"அது தெரியும். எந்தக் கோலுக்கு அடிக்கணும்?"

"அனுஜன் நிக்காத கோலுக்கு."

நபீஸ் பந்தோடு ஓடினான். எதிரே கீப்பர் மட்டும். படியில் இருந்த எல்லோரும் எழும்பினார்கள். நபீஸ் அடித்த அடி பனிப்புகையைக் கிழித்துக்கொண்டு மேலே போனது, இன்னும் மேலே போனது, ஆற்றுப் பக்கம் திரும்பி மறைந்தது. பந்தை எடுத்துவர ஒருவன் தோணியில் போகவேண்டியிருந்தது.

"நூல் பழசு போல," என்றாள் ஷபீகா மெதுவாக.

மற்றக் கோலில் அனுஜன் நின்றான். பந்து வரும்போது அவன் பூனை. பந்து போனதும் தலை தானாகக் கடல் பக்கம் திரும்பிவிடும். தூரத்தில் சாம்பல் நிறக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நின்றன. மேபலுக்குப் பின்னால் இருந்த ஒருவன் கை இரண்டையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"அடேய் கீப்பர்! கப்பல் நங்கூரம் போட்டிருக்கு, ஓடாது! பந்தைப் பாரடா!"

மேபல் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கையை இறக்கினான்.

இடைவேளைக்குப் பிறகு ஸ்ரனிஸ்லாஸ் வந்து சேர்ந்தார். வேலை முடிந்து நேராக வந்ததால் தலையில் இன்னும் மஞ்சள் ஹெல்மெட். மகன் விளையாடுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை. படிக்கு வரவில்லை, கோலுக்குப் பின்னால் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் கோல் போடவில்லை. முடிகிற நேரம் நீர்கொழும்புக்குக் கோர்னர் ஒன்று கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. மஞ்சள் ஜேர்சியில் ஒரு நெட்டை ஃபோர்வர்ட் தலையால் மோத எழும்பினான். அனுஜன் அவனுக்கும் மேலே எழும்பி வலது கையை முட்டியாக்கிப் பந்தைக் குத்தினான். பந்து போனது. கை நிற்கவில்லை, நெட்டையனின் நெற்றியில் போய்த்தான் நின்றது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். பந்துக்குத்தான் குத்தினான், தெரியாமல் பட்டது என்று விட்டுவிட்டான் றெஃபரி. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினான். பூச்சியத்துக்குப் பூச்சியம். இனிப் பெனல்ட்டி.

அப்போதுதான் நெட்டையன் நெற்றியைத் தடவிக்கொண்டு றெஃபரியிடம் வந்தான். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு வீக்கம் எழும்பியிருந்தது. நாணயம் ஒட்டினது போல ஓரம் வெட்டின வட்டம். உள்ளே ஓர் உருவம் தெரிந்ததாகவும், கையில் குழந்தை இயேசுகூட இருந்ததாகவும் பிறகு கொட்டாஞ்சேனையில் பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் மிகை.

றெஃபரி அனுஜனின் கையுறையை அமத்திப் பார்த்தான். மறுபடி அமத்தினான்.

"என்னது இது?"

"தெரியாது சேர்," என்றான் அனுஜன். உண்மையாகவே தெரியாது.

"உள்ளுக்குப் பித்தளையா? கழட்டு. இதை எடுக்காம பெனல்ட்டி இல்லை."

மாற்றுக் கையுறை கிளப்பில் இல்லை. பிஸியோ கத்தரிக்கோலோடு வந்தான். பிளாஸ்டர் வெட்டுகிற கத்தரிக்கோல் அது. நைலோன் நூல் அதன் வாய்க்குள் படுத்துக்கொண்டு சிரித்தது. றொஹான் பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டுப் பல்லைத் தடவிக்கொண்டான். அனுஜன் தையலை உற்றுப் பார்த்தான். உலகத்தில் ஓர் ஆள்தான் இப்படித் தைக்கும்.

"மம்மி!" என்று படியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

மேபல் எழும்பினாள். குடையை ஷபீகாவிடம் கொடுத்தாள். கோயிலுக்குப் போடும் கத்தரிப்பூ நிற நீளச் சட்டையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, மைதானத்துக்குள் இறங்கினாள். புல் குளிர்ந்தது. வெண்ணிற ஈரம் விலகி வழி விட்டது. நடந்துகொண்டே இருந்தாள், கோல் கிட்ட வரவேயில்லை. பிள்ளை தனியாக இவ்வளவு பெரிய இடத்திலா நின்றான் என்று நினைத்துக்கொண்டாள்.

றெஃபரி நியாயமான மனிதன். "அப்ப மற்றக் கீப்பரையும் செக் பண்ணத்தானே வேணும்," என்றான். நீர்கொழும்புக் கீப்பரின் முகம் சிவந்தது. அவனுடைய இடது காலுறைக்குள், கணுக்காலுக்கு மேலே, செபஸ்தியார் மெடல் ஒன்று சுற்றிவரத் தைத்து இருந்தது. அவனும் படியைப் பார்த்தான். மஞ்சள் குடையின் கீழிருந்து பருமனான ஓர் அம்மா எழும்பி, கைப்பையோடு மைதானத்துக்குள் வந்தாள்.

பெனல்ட்டி எல்லாம் ஒரே கோலில்தான் அடிப்பார்கள். ஆகவே இரண்டு தாய்மாரும் ஒரே கோல் வலையடியில், ஒரு கம்பத்துக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். றெஃபரி மரியாதைக்கு மற்றப் பக்கம் திரும்பி நின்றான். நகை கூடாது என்று சட்டத்தில் இருந்தது. அம்மாமார் கூடாது என்று எங்கும் இல்லை.

"நங்கி, கத்துரக் தியெனவத?" என்று கேட்டாள் நீர்கொழும்பு அம்மா. கத்தரிக்கோல் இருக்கிறதா என்று.

"நே அக்கே, தத் விதராய்," என்று பல்லைக் காட்டினாள் மேபல். இல்லை அக்கா, பல்லு மட்டும்தான் என்று.

அந்த அம்மா கைப்பைக்குள் துழாவி ஒரு பிளேட் எடுத்து, இரண்டாக முறித்து, பாதியை மேபலுக்கு நீட்டினாள். பாதிப் பிளேட்டால் அந்தக் கப்பல் நூலை அறுக்க நேரமெடுத்தது. ஈரத்தில் ஊறிய கையுறை கழற்ற வராததால் அனுஜன் தாய்க்கு முன்னால் முழந்தாளிட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பிசகினால் கையை வெட்டிவிடும் என்று கையுறைக்குள் விரல்களை மடக்கியிருந்தான்.

"ஏன் மம்மி இப்பிடிச் செஞ்சீங்க?" மெல்லக் கேட்டான்.

"வேற என்னடா செய்ய? நீ போகாம இருக்கத்தான்."

அவன் தலையைத் திருப்பினான். வலைக்கு அப்பால் ஸ்ரனிஸ்லாஸின் ஹெல்மெட். அதற்கு அப்பால் கடல்.

"எனக்குப் போகத்தான் விருப்பம் மம்மி."

பிளேட் நின்றது.

"எங்க?"

"டோஹாவுக்கு. இல்லாட்டி எங்கயாவது. சின்ன வயசில இருந்து ஒரு கம்பத்துக்கும் மற்றக் கம்பத்துக்கும் நடுவில நிண்டு நிண்டு அலுத்துப்போச்சு."

"அப்ப ஏன்டா இவ்வளவு நேரமும் பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிச்சனீ? விட்டிருக்கலாமே, எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"பந்து வருகுது மம்மி. வந்தா பிடிக்கத்தானே வேணும்."

"வீட்டில சொல்லியிருக்கலாம்."

"ஒருத்தரும் கேக்கேல்லயே."

மேபல் மறுபடி நூலில் பிளேட்டை வைத்தாள். பாணும் பருப்பும் மேசையும் ஞாபகம் வந்தன. கடைசித் தையலை அறுத்தாள். மெடல் சேற்றில் விழுந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்தாள். பக்கத்தில் நீர்கொழும்பு அம்மாவும் முடித்துவிட்டு, தன் மகனின் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, முகத்துச் சேற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன், "அனே அம்மே, எல்லாரும் பாக்கிறாங்க," என்று சிங்களத்தில் நெளிந்தான்.

"இப்ப என்ன செய்யப்போற?" என்றாள் மேபல். "விடப்போறியா?"

அனுஜன் நடுக்கோட்டைப் பார்த்தான். நபீஸும் மற்றவர்களும் தோளோடு தோள் கோர்த்து நின்றார்கள். நபீஸ் ஏனோ ஓயாமல் இடுப்புப் பட்டியைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அது ஏலாது மம்மி. பாருங்க, எல்லாரும் நிக்கிறாங்கள்."

அவள் திரும்பி நடந்தாள். படிக்கு வந்து குடைக்குள் புகுந்தாள். "என்ன கதைச்சீங்க இவ்வளவு நேரம்?" என்றாள் ஷபீகா. "நூல் அறுக்க நேரம் எடுத்தது," என்றாள்.

பையன்கள் ஒவ்வொருவராக வந்து அடித்தார்கள். சிலது வலைக்குள் போனது, சிலது புகைக்குள் போனது. நபீஸ் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு வந்து தரையோடு அடித்துக் கோல் போட்டான். ஷபீகா குடையை எறிந்துவிட்டு எழும்பி நின்று, யாரையும் பார்க்காமல் மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் ஒரே ஒரு அடி மிஞ்சியது. அனுஜன் பிடித்தால் ஹார்பர் ஸ்டார்ஸ் வென்றுவிடும். அடிக்க வந்தவன் நெற்றியில் வட்டம் வாங்கின அதே நெட்டையன்.

மேபல் கும்பிடத் தொடங்கினாள். பாதி மன்றாட்டில் நின்றுவிட்டாள். என்ன கேட்பது? பிடி என்று கேட்டால் மகன் இங்கேயே நின்றுபோவான். விடு என்று கேட்டால் அந்த முகத்தை யார் பார்ப்பது? அந்தோனியாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் ஒன்றும் கேட்காமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நெட்டையன் ஓடி வந்தான். சத்தம் ஏதும் வரவில்லை. பந்து மஞ்சளாக, மெல்ல, வலது மூலைக்குப் புறப்பட்டது. அனுஜன் அதற்கு முன்னமே புறப்பட்டிருந்தான். நீலமாக, நீளமாக, கிடையாக, அவன் காற்றில் போனான். மேபலுக்கு அந்தப் பாய்ச்சல் பழக்கமானதாக இருந்தது. எல்லாம் நின்றது. மழை நின்றது, கப்பல் நின்றது, ஸ்ரனிஸ்லாஸின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு கையில் பந்து பட்ட சத்தம், ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல, தாமதமாக வந்தது.

அடுத்த கணம் எல்லோரும் மைதானத்துக்குள் இருந்தார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் கம்பி வலையில் ஏறி, இறங்கத் தெரியாமல் மேலே இருந்தபடியே கத்தினார். "என்ட மகன்! அது என்ட மகன்!" அவ்வளவு உயரத்தில் இருந்தும் அன்றைக்கு அவருக்கு அவன் பெரிதாகத் தெரிந்தான். இரண்டு பேர் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மகனின் தலையில் வைத்தார்.

றொஹான் சேறோடு ஓடிவந்தான். "மல்லி, என்ட தம்பி, பயங்கர வேலை காட்டிட்டாய்! ஆன்ட்டி, பாத்தீங்கதானே? இனி இவன்தான் நம்பர் வன். திங்கக்கிழமை வந்து சைன் பண்ணட்டும்."

"வருவான், வருவான்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நானே கூட்டிக்கொண்டு வாறன். டோஹாவா? ஆருக்கு வேணும் டோஹா? தம்பிட்ட நான் கதைக்கிறன்."

"என்ன மல்லி, சரிதானே?" என்று கையை நீட்டினான் றொஹான்.

அனுஜன் அந்தக் கையைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். சுற்றிவர நபீஸும் மற்றவர்களும் இளித்துக்கொண்டு நின்றார்கள். மேபல் அவன் முகத்தைக் கண்டாள். ஐந்து வயதில் சித்தி கொடுத்த கசப்பு மருந்தை வாங்கிக் குடித்தபோதும் இதே முகம். இவன் ஓம் சொல்லப்போகிறான். யார் எதை எறிந்தாலும் பிடித்துப் பழகினவன். அவன் வலது கை தானாக எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் கிட்டப் போய் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

"மகன்," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்க. "இந்த ஒண்டை விடு."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு விளங்கிக்கொண்டான். மூச்சை நீளமாக விட்டான். ஹெல்மெட்டைக் கழற்றித் தகப்பனிடம் கொடுத்தான்.

"ஸொறி றொஹான் அண்ணே. நான் டோஹாவுக்குப் போறன்."

கத்திக்கொண்டிருந்தவர்களில் கிட்ட நின்றவர்கள் முதலில் நிறுத்தினார்கள், பிறகு தூர நின்றவர்கள். "உனக்குப் பைத்தியமா மச்சான்?" என்றான் நபீஸ். றொஹானின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதை அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையைத் தடவிக்கொண்டான். ஸ்ரனிஸ்லாஸ் மகனைப் பார்த்தார், பிறகு பெண்சாதியைப் பார்த்தார். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"மேபல், நீ என்ன பேசாம நிக்கிற? நீதானே போகவேண்டாம் எண்டு அழுதனீ?"

"இப்பவும் அழுதுகொண்டுதான் நிக்கிறன்," என்றாள் மேபல். "மழையில உங்களுக்குத் தெரியேல்ல. அவன் போகட்டும்."